கட்டணமில்லா எண்

சில திங்களுக்கு முன்னர், புதுச்சேரி நேரு வீதியில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, வாணிகத்துக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று வாங்கப் போகிறேன். எந்த எண்ணை எடுக்கலாம்?" என்று கேட்டார். எண் வாங்குவதற்கும் ஓர் ஆராய்ச்சியா என்றே முதலில் எண்ணினேன். அவருடைய நிலையைக் கேட்டறிந்த பின்னரே செய்தி அத்துணை எளிதன்று என்பது விளங்கிற்று. முன்னொரு முறை கடையை மாற்றியபோது அவருடைய தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. பழைய எண்ணையே குறித்து வைத்திருந்த காரைக்கால் வாடிக்கையாளர் பலர், கடையை மூடிவிட்டார் போலும் என்று கருதி வேறிடம் சென்றுவிட்டனராம்.

மாணவச் செல்வங்களே, நமது ஒன்றியப் பகுதியின் படத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஆட்சி ஒன்று, நிலமோ நான்கு துண்டு. புதுச்சேரியின் தொலைபேசிக் குறியீடு 0413, காரைக்காலுக்கு 04368. மலையாளக் கரையிலுள்ள மாகிக்கு 0490. கோதாவரிப் பக்கத்து ஏனாமுக்கு 0884. இந்நான்கிடத்தும் ஒரே எண்ணாய் வழங்கக்கூடியது, 1800 என்று தொடங்கும் எண்.

அது வேலை செய்யும் முறை சுவையானது. 1800 எண் எந்தக் கம்பியின் முனையிலும் கட்டப்பட்டதன்று. அதனை ஒருவர் அழுத்தியதும், தொலைபேசி நிலையம் ஒரு கணிப்பொறிப் பதிவேட்டைக் கேட்கிறது. பதிவேடு கடையின் உண்மையான எண்ணைத் தருகிறது; அழைப்பு அங்கே செல்கிறது; கட்டணமோ அழைக்கப்பட்டவர் கணக்கில் ஏறுகிறது. ஆகவே கடை இடம் மாறினால் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அமெரிக்காவில் 1967-லும், பிரான்சில் "பச்சை எண்" என்ற பெயரில் 1983-லும் கட்டணமில்லா அழைப்பு தோன்றிற்று. 1860 என்று தொடங்கும் எண் இதன் உடன்பிறப்புப் போலத் தோன்றும். ஆனால் அதில் அழைப்பவரும் உள்ளூர்க் கட்டணம் செலுத்த வேண்டும். நண்பர் அதையே வாங்க இருந்தார்!

இன்று கைப்பேசியில் பேச்சுக்கெனத் தனிக் கட்டணம் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆதலின் "இலவசம்" என்பதைவிட, "மாறாதது" என்பதே இவ்வெண்ணின் பெருஞ்சிறப்பு என்பேன்.

இனி, எந்த எண்? அமெரிக்கப் பூ வாணிகர் ஒருவர் 3569377 என்ற எண்ணைக் கொண்டார். பொத்தான்களின் மேலுள்ள எழுத்துகளைக் கூட்டினால் "பிளவர்ஸ்" என்னும் ஆங்கிலச் சொல் வரும். நமக்கு அந்த வித்தை பயன்படாது. தமிழ் எழுத்துகள் பொத்தான்களில் அச்சிடப்படுவது அரிது. நண்பருடைய வாடிக்கையாளருள் ஆங்கிலம் அறியாதாரும் மிகுதி.

செவிக்குத் தெளிவாக இருப்பதே முதல் தேவை. தொலைபேசியில் "எழுபது", "எண்பது" என்பவை ஒன்றுபோல் ஒலிக்கும். புதுவையில் பிரெஞ்சு பேசுவோருக்கு வேறொரு தொல்லை. அம்மொழியில் எழுபத்தைந்து என்பது "அறுபது பதினைந்து". "அறுபது" என்று கேட்டதும் 6 எழுதியவர், அடுத்த சொல் காதில் விழுந்ததும் அதை அழித்து 7 எழுத வேண்டும். இலக்கங்களைத் தனித்தனியே சொல்லும்படியான எண்ணே நல்லது. உழவர் அழைப்பு மையத்தின் 1800 180 1551-ஐப் பாருங்கள்: முன் வந்த 180 மீண்டும் வருகிறது, இறுதியிலுள்ள 1551-ஐ எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. பதினோர் இலக்கமும் மூன்று மூச்சில் அடங்கிவிடுகின்றன.

நண்பரிடம் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்றில் சுழியங்கள் வரிசையாய் நின்றன. பார்வைக்கு அழகு, விலையும் கூடுதல். மற்றொன்று எளியது. இரண்டையும் அவருடைய தாயாரிடம் தொலைபேசியில் ஒருமுறை சொல்லி, எழுதச் செய்தோம். அம்மையார் சுழியங்களில் ஒன்றை விட்டுவிட்டார்! எளிய எண்ணைப் பிழையின்றி எழுதினார். அதுவே தேர்வாயிற்று.

ஒரு குறை எஞ்சியது. நம்மூரார் பலர்க்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அங்கிருந்து அழைத்தால் நமது 1800 எண் பொதுவாகக் கிட்டாது. நாடு கடந்து வழங்கும் +800 எண்கள் எட்டு இலக்கத்தில் உள்ளன என்றாலும், ஒரு கடைக்கு அச்செலவு மிகையே. ஆகவே பெயர்ப்பலகையில் 1800 எண்ணைப் பெரிதாக எழுதி, அதன் கீழே 0413 எண்ணையும், முதற் சுழியத்தை நீக்கி +91 413 என்று தொடங்குமாறு, எழுதி வைத்தோம்.