இரண்டு தண்டச் சீட்டுகள்

கம்பளையில் என் வீட்டுக்குப் பதிவுத் தபால் வருவது அபூர்வம். சென்ற ஆண்டின் கடைசியில் ஒருநாள், பிற்பகல் மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில், தபாற்காரர் ஒரு நீண்ட உறையைத் தந்து கையொப்பம் பெற்றுச் சென்றார். உறையின்மேல் இத்தாலி நாட்டு முத்திரை. அந்த நாட்டில் எனக்குக் கடிதம் எழுதக்கூடியவர் எவருமில்லை. பிரித்துப் படித்தேன். நான் குற்றம் புரிந்தவன் என்று அதில் எழுதியிருந்தது.

நினைவு ஒன்பது மாதம் பின்னோக்கி ஓடியது. சுவிற்சர்லாந்தில் வாழும் என் தமக்கை மகனைப் பார்க்கப் போயிருந்தேன். அவனும் நானும் இரயிலேறி இத்தாலிக்குச் சென்று, அங்கே இரண்டு நாளைக்கு ஒரு வாடகைக் கார் எடுத்தோம். கொழும்பில் பெற்ற சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் என் சட்டைப் பையில் இருந்தது. இறம்பொடை மலைவழியின் வளைவுகளிலே முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவன் என்ற செருக்கு நெஞ்சில் இருந்தது. ஆகவே காரை என் பெயரிலேயே எடுத்து, நானே ஓட்டினேன். நாம் வீதியின் இடப்புறம் செல்பவர்கள். அவர்கள் வலப்புறம் செல்பவர்கள். அந்த ஒரு வித்தியாசத்தில் கவனம் வைத்தே மற்றவற்றைக் கோட்டைவிட்டேன்.

இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில், நகரின் நடுப்பகுதிக்குள் அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே குறித்த நேரங்களில் நுழையலாம். நுழைவாயிலில் காவலர் எவரும் நிற்பதில்லை. வண்டியின் இலக்கத்தைப் படம்பிடிக்கும் கமெரா ஒன்றும், மின்னெழுத்துப் பலகை ஒன்றும் இருக்கும். நான் சென்ற வேளை அந்தப் பலகையில் 'வார்கோ அத்திவோ' என்ற சொற்கள் ஒளிர்ந்தன. ஆங்கிலம் அறிந்த என் மூளை, வழி இயங்குகிறது, தாராளமாகப் போகலாம் என்று அதற்குப் பொருள் செய்துகொண்டது. உண்மையிலோ, வாயிலில் கண்காணிப்பு நடைமுறையில் இருக்கிறது, நுழையாதே என்பதே அதன் கருத்து. அரைகுறையாக அறிந்த சொல், அறியாத சொல்லைவிட அபாயமானது என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அதே தவறை நானே செய்தேன்.

சில மாதங்களுக்கு முன்பே என் கடன் அட்டையிலிருந்து ஒரு சிறு தொகை கழிந்திருந்தது. அதுதான் தண்டப்பணம், கணக்குத் தீர்ந்தது என்று எண்ணியிருந்தேன். இப்படி எண்ணி ஏமாறுபவர் பலர். அது வாடகைக் கார் கொடுத்தவர், என் பெயரையும் முகவரியையும் நகராட்சிக்கு எழுதி அனுப்பியதற்கு வாங்கிக்கொண்ட கூலி. தண்டம் பின்னால்தான் வரும். வெளிநாட்டில் வசிப்பவர்க்கு அறிவித்தல் அனுப்ப 360 நாட்கள் அவகாசம் அளிக்கிறது இத்தாலியச் சட்டம்.

வந்த கடிதத்தில் இத்தாலிய மொழியோடு ஆங்கிலமும் இருந்தது. எந்த வீதி, எந்த நாள், எத்தனை மணி, எந்த விதி என்று யாவும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஐந்து நாட்களுக்குள் செலுத்தினால் தொகையில் நூற்றுக்கு முப்பது குறையும். குற்றத்தை மறுப்பதானால் அரசின் மாவட்ட அதிகாரியிடமோ, சமாதான நீதவானிடமோ 60 நாட்களுக்குள் முறையிடலாம். செலவுகளும் சேர்த்து, நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல் வந்தது. ஓய்வூதியம் பெறும் ஆசிரியனுக்கு அது சிறு தொகையன்று.

செய்தி கேட்டு வந்த அயல்வீட்டு நண்பர் சிரித்தார். "கட்டாமல் விடுங்கள், மாஸ்டர். இத்தாலிக்காரன் கம்பளை வரைக்கும் தேடியா வரப்போகிறான்?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் 2005ஆம் ஆண்டில் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி ஒரு நாட்டில் விதித்த தண்டத்தை இன்னொரு நாடு அறவிடலாம்; 70 யூரோவுக்குக் குறைந்தவற்றை மறுக்கவும் செய்யலாம். இலங்கை அந்த ஏற்பாட்டில் இல்லை. ஆனால் இன்னோர் ஏற்பாட்டில் இருக்கிறது. 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான வீதிப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் நம் நாடு 1957இல் சேர்ந்தது. என் சட்டைப் பையிலிருந்த அனுமதிப்பத்திரத்தை இத்தாலியில் செல்லுபடியாக்கியது அந்த ஒப்பந்தமே. உன் நாட்டுச் சாரதியை நம்புகிறேன் என்று ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குக் கொடுக்கும் வாக்கு அது. நம்பிக்கையின் பேரில் வீதியைத் திறந்துவிட்டவனிடம், என்னைப் பிடிக்க உனக்குக் கை நீளாது என்று சொல்வது எனக்கு ஒவ்வவில்லை. ஆயினும் முப்பதாயிரம் ரூபா! அன்றிரவு முடிவு செய்யாமலே படுத்தேன்.

மறுநாட் காலையில் வாசலில் ஓர் இளைஞன் நின்றான். என்னிடம் படித்தவன். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்து, இன்று லொறி ஓட்டிப் பிழைப்பவன். கையில் ஒரு மடித்த தாள்.

"சேர், இதை ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கள்" என்றான்.

அதுவும் ஒரு தண்டச் சீட்டு. நம் நாட்டுப் பொலிசார் வீதியில் எழுதிக் கொடுத்தது. அதிலே அதிகாரி கையால் எழுதியிருந்த வரிகள் அனைத்தும் சிங்களத்தில் இருந்தன. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவன், வேகமாக ஓட்டியதற்காக எழுதிவிட்டார்கள் என்று எண்ணியிருந்தான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவன் குற்றம் வேகமன்று; வீதிக் குறியீட்டை மதிக்காமை. இத்தாலியில் நான் செய்த அதே குற்றம்!

நாளைப் பார்த்தேன். சீட்டு எழுதிப் பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிசார் வைத்துக்கொண்டு தரும் இந்தச் சீட்டு, 14 நாட்களுக்கே தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அதற்குள் தபாலகத்தில் பணம் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். தவணை கடந்தால் தொகை இரட்டிக்கும். 28 நாட்களும் கடந்தால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும்.

"சம்பளம் கிடைத்தவுடன் கட்டலாம் என்றிருந்தேன், சேர். இரண்டு நாளாக லொறியும் ஓட்டினேனே!" என்று அவன் திகைத்து நின்றான்.

இருவரும் தபாலகத்துக்கு நடந்தோம். அவன் இரட்டைத் தொகையை எண்ணி வைத்தான். தாள்களை எண்ணிய அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என் மனதில் இரவு நிலவிய தயக்கம் எங்கோ போய்விட்டது. வீடு திரும்பியதும் இத்தாலிக்குரிய பணத்தை இணையவழியே செலுத்தினேன். ஐந்து நாட் சலுகையும் கிடைத்தது.

நிற்க. இவ்விரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அந்நியனாகிய எனக்கு, என் குற்றத்தை நான் அறிந்த மொழியில் விளக்கி, குறைத்துக் கட்டும் வழியையும் மறுக்கும் வழியையும் சொல்லி எழுதியது ஓர் அந்நிய நகரம். இந்த மண்ணிலே பிறந்தவன், தன் குற்றம் இன்னதென்றே அறியாமல் பதினாறு நாட்கள் அலைந்து, அறியாமைக்கும் சேர்த்துத் தண்டம் கட்டினான். இருவரில் வெளிநாட்டில் வண்டி ஓட்டியவன் யார்?

சட்டம் இல்லாமலில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், தமிழும் அரச கரும மொழியாகும் என்று சொல்லிவிட்டது. தண்டத்தை இணையவழியே கட்டும் வசதியும் 2025இல் வந்தது. பணம் அரசைச் சென்றடையும் பாதை குறுகிவிட்டது; அரசின் சொல் குடிமகனைச் சென்றடையும் பாதையே இன்னும் நீண்டு கிடக்கிறது. வீதியில் நிற்கும் அதிகாரியையும் முற்றாகக் குறைசொல்ல மாட்டேன். அவருக்குத் தமிழ் எழுதக் கற்பித்தவர் யார்? நம்மில் எத்தனை பேர் சிங்களம் வாசிக்கப் பழகினோம்? ஆயினும் தண்டிக்கும் கைக்கே விளக்கும் கடமை அதிகம்.

கம்பளை ஒருகாலத்தில் இராசதானியாக இருந்த ஊர். இங்கிருந்து கண்டிக்குப் போகும் வழியில், வீதியை விட்டு உள்ளே சென்றால் இலங்காதிலக விகாரை இருக்கிறது. நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்தது. அவ்விகாரைக்கு அளித்த கொடைகளை அங்குள்ள பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் பொறித்து வைத்தார்கள். கல்லிலே உளி கொண்டு இரண்டு மொழிகளில் எழுத அன்றைய அரசுக்குப் பொறுமை இருந்தது. தாளிலே பேனாவால் எழுதுவது அதைவிடவா கடினம்?

அடுத்த விடுமுறையில் அந்த இளைஞனை அங்கே அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். லொறியில்தான் போகிறோம். ஓட்டப்போகிறவன் அவன், வழியிலுள்ள பலகைகளைப் படித்துச் சொல்ல வேண்டியவன் நான்.