கிரானிலிருந்து சீகிரியா: ஒரு காலைப்பொழுதைக் கேட்கும் குன்று

கிரான் சந்தியில் கொழும்பு பஸ்ஸுக்குக் கைகாட்டி ஏறுகிறவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள், அந்த பஸ் சீகிரியாக் குன்றுக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போகிறது என்று? வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை என்று ஓடும் வண்டி, தம்புள்ளைக்கு முன்னால் இனாமலுவைச் சந்தியைத் தாண்டுகிறது. அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதிதான் சீகிரியாவுக்குப் போவது. இரவு பஸ் என்றால் அந்த நேரம் எல்லோரும் உறக்கத்தில். பகல் பஸ் என்றால் கொழும்பில் முடிக்க வேண்டிய அலுவல் மனதில். வருடக்கணக்காக அந்த வழியே போய் வந்தும் ஒருமுறைகூட அந்தச் சந்தியில் இறங்காதவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம்.

போனவர்களும் பெரும்பாலும் பள்ளிச் சுற்றுலாவில் போனவர்கள். இரவு புறப்பட்டு, அநுராதபுரம், தம்புள்ளை, சீகிரியா, கண்டி என்று எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடக்கும் ஓட்டம் அது. சீகிரியாவுக்கு வந்து சேரும்போது உச்சி வெயில் ஆகிவிடும். பிள்ளைகள் வேர்த்துக் களைத்து மேலே ஏறி, ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கோட்டையைப் பார்த்தாயா என்று கேட்டால், "படி கனக்க இருந்தது" என்பதுதான் பதிலாக வரும். 1982இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த ஓர் இடத்துக்கு இது போதாது. சீகிரியாவுக்கு ஒரு காலைப்பொழுது முழுதாக வேண்டும். கிரானிலிருந்து அது ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். விடியுமுன் வான் ஒன்றில் புறப்பட்டால் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். பொழுது படுமுன் வீட்டுக்குத் திரும்பியும் விடலாம்.

போகும் முன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. கதை தெரியாமல் ஏறுகிறவருக்கு அங்கே கல்லும் செங்கல்லும் மட்டுமே கண்ணில் படும்.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்டவன் தாதுசேனன். பாண்டி நாட்டிலிருந்து வந்து ஆண்ட அரசர்களை வென்று அரியணை ஏறியவன். கலாவெவ குளத்தைக் கட்டியவன். அவனுக்கு இரண்டு மகன்மார். மூத்தவன் காசியப்பன், அவனுடைய தாய் பட்டத்தரசி அல்ல. இளையவன் முகலன், முடிக்கு உரியவனாகக் கருதப்பட்டவன். படைத்தலைவன் மிகாரனின் துணையோடு காசியப்பன் தந்தையைச் சிறைப்பிடித்தான். ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டபோது, தாதுசேனன் கலாவெவவுக்குப் போய் அந்த நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன் செல்வமெல்லாம் இதுதான் என்றான் என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்கிறவர்களுக்கு அந்தப் பதிலின் பெறுமதி தெரியும். காசியப்பனுக்குத் தெரியவில்லை. தந்தை கொல்லப்பட்டான். முகலன் தென்னிந்தியாவுக்குத் தப்பிப் போனான்.

காசியப்பன் அநுராதபுரத்தை விட்டுச் சீகிரியாவைத் தலைநகராக்கினான். அவன் ஆட்சிக்காலம் கி.பி. 477 முதல் 495 வரை என்று யுனெஸ்கோ குறிக்கிறது. பதினெட்டே ஆண்டுகள். அதற்குள் குன்றின் உச்சியில் மாளிகை, நடுவில் சிங்க வாசல், அடிவாரத்தில் தோட்டங்கள், சுற்றிலும் அகழியும் மதிலும் எழுந்தன. கடைசியில் முகலன் படை திரட்டிக்கொண்டு வந்தான். காசியப்பன் குன்றை விட்டு இறங்கிச் சமவெளியில் போருக்கு நின்றான். முன்னால் சதுப்பு நிலம் இருந்ததால் அவனுடைய யானை வழியை விட்டு விலகித் திரும்பியது. அரசன் பின்வாங்குகிறான் என்று எண்ணிப் படை சிதறியது. அவன் தன் கத்தியாலேயே உயிரை மாய்த்துக்கொண்டான். முகலன் தலைநகரை மீண்டும் அநுராதபுரத்துக்கே கொண்டு போனான். சீகிரியா பிக்குகளின் உறைவிடமானது.

பிக்குகளுக்கு அது புதிய இடமும் அல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவிலேயே அந்தக் குன்றின் அடிவாரக் குகைகளில் அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இராவணன் கோட்டை அது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதையும் உண்டு. அதற்குத் தொல்லியல் சான்று இல்லை. என்றாலும் குபேரனின் பட்டணமான அளகாபுரியின் சாயலில் காசியப்பன் அந்த மாளிகையைக் கட்டினான் என்பது சூளவம்சத்திலேயே இருக்கிறது. குபேரன் இராவணனின் தமையன்.

எப்போது போவது?

எங்கள் பகுதிக்குப் பொருத்தமான காலம் பெரும்போக வெட்டு முடிந்த பிறகு, மாசி பங்குனி மாதங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. கிரான் பாலத்தடி வீதி வெள்ளத்தில் மூழ்கும் அதே மழைதான் அங்கும் பெய்யும். படிகள் ஈரமாகி வழுக்கும், மேலே காற்றும் பலமாக வீசும். ஆனி முதல் புரட்டாதி வரை போகலாம். கச்சான் காலத்து வெயில் அங்கும் கடுமையாக இருக்கும் என்பதால் காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும்.

காலை என்பதற்கு வலுவான ஒரு காரணம் இருக்கிறது. ஏறும் பாதையின் பெரும்பகுதி குன்றின் மேற்கு முகத்தில் போகிறது. ஓவியங்களும் கண்ணாடிச் சுவரும் அந்தப் பக்கம்தான். முற்பகலில் குன்றே அதற்கு நிழல் தரும். மதியத்துக்குப் பிறகு வெயில் நேரே அந்த முகத்தில் அடிக்கும். கல் சூடேறினால் பொழுது சாயும் வரை தணியாது. வெப்ப நாடுகளின் மலைக்கோட்டைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில், 2025இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டையின் இராஜகிரிக் குன்றுக்கும் காலையில் ஏறுவதே நல்லது.

ஆகவே கதவு திறக்கும் நேரத்துக்கு அங்கே நிற்கும்படி கிளம்ப வேண்டும். நேரம் மாறக்கூடும் என்பதால் முதல்நாளே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. விடியற்காலையில் வெலிக்கந்தை, மின்னேரியாப் பகுதிகளில் யானை வீதிக்கு வரும். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் போவது வேண்டாம். வான் சாரதியையும் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் இனாமலுவையில் இறங்கினால் தம்புள்ளையிலிருந்து வரும் சீகிரியா பஸ் கிடைக்கும், ஓட்டோவும் உண்டு. ரயிலை விரும்புகிறவர்கள் முதல்நாளே ஹபரணையில் இறங்கித் தங்கிக்கொள்வது வசதி.

அடையாள அட்டையை மறக்கக் கூடாது. இலங்கையர்களுக்கு நுழைவுக் கட்டணம் சிறு தொகை. வெளிநாட்டவருக்கு அது 30 டொலருக்குக் குறையாது. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த உறவினர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி ஏறும் முன்

நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் குன்றின் உச்சிக்குத்தான் போகும். கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும். பாதையின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்த வடிவில் குளங்களும் கால்வாய்களும் அமைந்த நீர்த்தோட்டம் அங்கே இருக்கிறது. வட்டமான கற்பலகைகளில் சிறு துளைகள் தெரியும். அவை நீரூற்றுகள். உயரத்தில் தேங்கும் நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே இறங்கி, தன் அழுத்தத்தாலேயே அந்தத் துளைகள் வழியாக மேலே பீறிடும். பம்பும் இல்லை, சக்கரமும் இல்லை. பதினைந்து நூற்றாண்டு கழித்து இன்றும் நல்ல மழைக்காலத்தில் அவை வேலை செய்கின்றன. தந்தை கட்டிய குளத்தின் பெறுமதி புரியாத மகனுடைய நகரத்தில், நீரை ஆளும் கலை இந்த அளவுக்கு முதிர்ந்திருந்தது.

அதற்கு அடுத்தது பாறைத் தோட்டம். பெரிய பாறைகளின் முகத்தில் வரிசையாகப் படி போன்ற வெட்டுகள் தெரியும். ஒரு காலத்தில் அவற்றின் மேல் செங்கற் சுவர்கள் நின்றன. அங்கிருந்துதான் ஏற்றம் தொடங்குகிறது. குன்று சமவெளியிலிருந்து 180 மீற்றர் உயரம். படிகள் ஏறத்தாழ 1,200. ஆரோக்கியமானவர் நின்று பார்த்து ஏறி இறங்க இரண்டரை, மூன்று மணித்தியாலம் எடுக்கும். முழங்கால் வருத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் நீர்த்தோட்டத்தையும் பாறைத் தோட்டத்தையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு, அடிவாரத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் மற்றவர்களுக்காகக் காத்திருக்கலாம். மேலே உள்ள ஓவியங்களின் பிரதிகள் அங்கே இருக்கின்றன.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள சப்பாத்து, இரண்டு பைக்கற் ஜீவனி. இவ்வளவும் போதும். மேலே கடை கிடையாது. சாப்பாட்டைக் கையில் கொண்டு ஏறினால் குரங்கு பறிக்கும். புட்டோ கட்டுச்சோறோ வானிலேயே இருக்கட்டும்.

பாதி வழியில் சுருள் ஏணி ஒன்று பாறைக் குழிவுக்குள் கொண்டு போகும். புகழ்பெற்ற சீகிரியாப் பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மேகத்துக்குள் இருந்து எழுவதுபோல் இடைக்கு மேலே மட்டும் தீட்டப்பட்டு, கையில் மலரும் தட்டுமாக. இன்று எஞ்சியிருப்பவை இருபது அளவில்தான். அவர்கள் அரச மகளிரா, தேவ கன்னியரா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு உண்டு. 1967இல் விஷமிகள் இந்த ஓவியங்கள் மேல் பச்சை வர்ணத்தைப் பூசிப் பாழாக்கினார்கள். இத்தாலியிலிருந்து வந்த நிபுணர் லூசியானோ மரான்சி பெரும் சிரமப்பட்டு அவற்றை மீட்டார். அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. கண்ணால் நின்று பார்ப்பதே வழி.

ஓவியங்களைக் கடந்தால் கண்ணாடிச் சுவர். சுண்ணாம்புச் சாந்து பூசி, முகம் தெரியும் அளவுக்கு மினுக்கிய சுவர் அது. எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை அங்கே வந்தவர்கள், மேலே கண்ட பெண்களைப் பற்றிச் சிங்களத்தில் பாட்டுக்கட்டி அந்தச் சுவரில் கீறிவிட்டுப் போனார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான பல ஆண்டுகள் உழைத்து அவற்றில் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956இல் நூலாக்கினார். சிங்கள மொழியின் பழைய வரலாற்றுக்கு அந்தச் சுவர் ஒரு முதன்மைச் சான்று.

அந்தச் சுவரோடு எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வேதனையான தொடர்பும் உண்டு. 2015 பெப்ரவரியில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து சுற்றுலா போன ஓர் இளம்பெண் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறினார். வகுப்பறை மேசையிலும் பஸ் இருக்கையிலும் பிள்ளைகள் செய்கிற அதே செயல். தொல்பொருட் சட்டத்தின் கீழ் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் அனுதாபக் குரல் எழுந்தது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பொதுமன்னிப்பு வழங்க, அவர் வீடு திரும்பினார். ஆயினும் சிறையில் கழிந்த அந்த வாரங்கள் ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய துன்பம் அல்ல. பிள்ளைகளை அழைத்துப் போகும் எவரும், குன்றின் அடியில் நின்று இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டே மேலே ஏற்ற வேண்டும். சுவரில் கை வைப்பதும் கூடாது, சாய்வதும் கூடாது.

இனிக் குளவிக் கூடுகள். குன்றின் செங்குத்தான முகத்தில் பெரிய கூடுகள் தொங்குவதைக் கீழிருந்தே காணலாம். அமைதி காக்கச் சொல்லும் அறிவிப்புகள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல; குளவி கலைந்து பலர் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களும், குன்று மூடப்பட்ட நாட்களும் உண்டு. உச்சிக்கு முன்னால் வரும் சிங்கபாத மேடையில் வலையடித்த கூண்டுகள் இருப்பது அதற்காகத்தான். கூச்சல், பாட்டு, கடும் வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல், தலையை மூடிக்கொண்டு கூண்டுக்குள் போக வேண்டும்.

சிங்கபாத மேடையில் செங்கல்லாலும் சாந்தாலும் ஆன இரண்டு பெரிய பாதங்கள், நகங்களோடு, வழியின் இரு பக்கமும் ஊன்றியிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் மண்ணை அகற்றி அவற்றை வெளிக்கொணர்ந்தார். மேலே சிங்கத்தின் உடலும் தலையும் இருந்தன. அதன் வாய்க்குள் புகுந்துதான் அரசனிடம் போக வேண்டும். இப்போது பாதங்களுக்கு மேலே இரும்புப் படி போகிறது. அதன் அருகில் பாறையைக் கவனித்தால், பழைய படிகளைத் தாங்கிய வெட்டுகள் மேலே மேலே போவது தெரியும்.

உச்சியில் ஏறத்தாழ நான்கு ஏக்கர். மாளிகையின் அடித்தளங்களும் பாறையில் குடைந்த குளமும் எஞ்சியிருக்கின்றன. அந்த உயரத்திலும் நீரைத் தேக்கியிருக்கிறார்கள். வடக்கே பிதுரங்கலைக் குன்றும், சுற்றிலும் காடும் குளங்களும் தெரியும். இறங்கும்போது வெறும் போத்தல்களையும் பைகளையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் பொலன்னறுவை வரும். சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரம் அங்கே கற்றளியாக நிற்கிறது. பார்க்க ஆசை வரும். அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குவதே சரி.

அடுத்த தவணைக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் எங்கள் ஊர் ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: ஒரே பயணத்தில் நான்கு நகரங்களைத் திணிக்காதீர்கள். முதல்நாள் வகுப்பில் தாதுசேனன் கதையையும் கண்ணாடிச் சுவரின் கதையையும் சொல்லுங்கள். மறுநாள் விடியுமுன் பஸ்ஸைக் கிரானிலிருந்து எடுத்து, பிள்ளைகளைக் காலை நிழலில் ஏற்றி, மதியத்துக்கு முன் இறக்கிவிடுங்கள்.