நான்கு மொழிகள், ஒரு நாடு: சுவிற்சர்லாந்து

ஒரு மொழி, ஒரு மதம், ஒரு குலம் என்னும் மூன்றும் அமைந்தவிடத்தே நாடொன்று தானே உருவாகும் என்பது பலர் கொண்ட கருத்து. இம்மூன்றுமின்றியும் ஒரு நாடு நிலைபெறுதல் கூடும் என்பதற்குச் சான்றாக விளங்குவது சுவிற்சர்லாந்து. அந்நாட்டின் அமைதி மலைக்காற்றோடு வந்ததன்று. தம்முட் பொருது சலித்தவர், ஆய்ந்து அமைத்த ஏற்பாடுகளால் வந்தது. அவ்வேற்பாடுகள் பிறந்த வரலாற்றினை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் நிலத்தின் இயல்பைக் காண்போம். ஐரோப்பாவின் நடுவே, கடற்கரை சிறிதுமின்றி, ஜேர்மனி, பிரான்சு, இத்தாலி, ஒஸ்திரியா, லீக்ரன்ஸ்ரைன் என்னும் ஐந்து நாடுகளாற் சூழப்பட்டுக் கிடப்பது இந்நாடு. பரப்பு 41,285 சதுரக் கிலோமீற்றர். நம் இலங்கையின் மூன்றில் இரண்டு பங்கினுஞ் சற்றுக் குறைவு. மக்கள் தொகை ஏறத்தாழ 90 இலட்சம். தெற்கே அல்ப்ஸ் மலை நாட்டின் பெரும்பகுதியைக் கொண்டுள்ளது. வடமேற்கே யூரா மலை நிற்கின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்திலேயே மக்களுள் மூன்றில் இருவர் வாழ்கின்றனர். வடகடல் நோக்கிச் செல்லும் ரைன் நதியும், மத்தியதரைக் கடல் நோக்கிச் செல்லும் ரோன் நதியும் இம்மலைகளிலேயே பிறக்கின்றன. மலைகள் ஊர்களைப் பிரித்து வைத்தமையால், ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தன் காரியத்தைத் தானே பார்க்கப் பழகிற்று. இப்பழக்கமே பின்னர் அரசியலுக்கும் அடிப்படையாயிற்று.

1291ஆம் ஆண்டில் ஊரி, சுவீட்ஸ், உன்ரர்வால்டன் என்னும் மூன்று மலைநாடுகள், இடர் வந்துழி ஒன்றுக்கொன்று துணைநிற்பதாக உடன்படிக்கை செய்தன. சுவீட்ஸ் என்னும் பெயரே பின்னர் நாடு முழுவதற்கும் ஆயிற்று. லூசேர்ண், சூரிச், பேர்ண் முதலிய நகரங்கள் காலந்தோறும் வந்து சேர்ந்தன. பதினாறாம் நூற்றாண்டிற் சூரிச்சில் சுவிங்ளியும் ஜெனீவாவிற் கல்வினும் சமயச் சீர்திருத்தத்தை நடத்தினர். அதன்பின் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பன்முறை போர் புரிந்தனர். 1798இற் புகுந்த பிரெஞ்சுப் படை, மாநிலங்களின் அதிகாரத்தை நீக்கி ஒற்றையாட்சியை நிறுவிற்று. அது ஐந்தாண்டுதானும் நிற்கவில்லை. 1803இல் நெப்போலியனே மாநிலங்களின் உரிமையை மீளக் கொடுக்க நேர்ந்தது.

1847இல் ஏழு கத்தோலிக்க மாநிலங்கள் தனியணி வகுத்தமையால் உள்நாட்டுப் போர் மூண்டது. எதிரணிப் படைக்குத் தலைமை தாங்கியவர் தளபதி டுபூர். காயமுற்றோர்க்கும் சிறைப்பட்டோர்க்கும் குடிமக்களுக்கும் தீங்கிழைத்தலாகாது என அவர் தம் படைவீரர்க்குக் கட்டளையிட்டார். போர் நான்கு வாரங்களுள் முடிந்தது. இறந்தோர் நூற்றுவர் அளவினரே. 4,634 மீற்றர் உயரமுடைய நாட்டின் தலைச்சிகரம் இன்றும் டுபூரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1863இற் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள்ளும் அவர் ஒருவர்.

வென்றவர் 1848இல் இயற்றிய அரசியற்றிட்டம் சமஷ்டி முறையினது. தோற்ற மாநிலங்களை அது அழித்துவிடவில்லை. பாராளுமன்றத்தில் இரு சபைகள் உள. ஒன்றில் 200 உறுப்பினர் மக்கள் தொகைக்கேற்பத் தெரிவாகின்றனர். மற்றையதில் 46 இடங்கள்; 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் சூரிச்சுக்கும் இரண்டு இடங்களே, 40,000க்குக் குறைந்தோர் வாழும் ஊரிக்கும் இரண்டு இடங்களே. இரு சபையும் இசைந்தாலன்றிச் சட்டம் நிறைவேறாது.

ஆயினும் வென்ற கட்சியார் எழுவர் கொண்ட மந்திரி சபையின் இடமனைத்தையும் நெடுங்காலம் தாமே வைத்திருந்தனர். இந்நிலையை மாற்றியது குடியொப்பம். 1874இன் திருத்தப்படி, வாக்காளர் போதிய தொகையினர் ஒப்பமிட்டுக் கேட்டால், பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மக்களின் வாக்குக்கு விடப்படல் வேண்டும். இன்று அத்தொகை 50,000. தவணை 100 நாள். சிறுபான்மைக் கட்சியினர் இவ்வுரிமையைக் கொண்டு சட்டம் பலவற்றைத் தடுத்தனர். அவர்களை ஒதுக்கிவிட்டு ஆளுதல் அரிது என்பதை ஆள்வோர் அனுபவத்தால் உணர்ந்தனர். 1891இற் கத்தோலிக்க அணியைச் சேர்ந்த யோசப் செம்ப் மந்திரியானார். நல்லெண்ணம் மாத்திரம் செய்யாததைத் தடுக்கும் உரிமை செய்வித்தது என்க.

இனி மொழியை நோக்குவோம். மக்களுள் ஏறத்தாழ 62 வீதத்தினர் ஜேர்மன் மொழியையும், 23 வீதத்தினர் பிரெஞ்சையும், 8 வீதத்தினர் இத்தாலியத்தையும் பேசுகின்றனர். நூற்றுக்கு ஒருவர்தானும் பேசாத ரோமாஞ்சு மொழியை 1938இற் குடியொப்பத்தின் வாயிலாகத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றனர். நாணயத்தாள்களில் நான்கு மொழிகளும் உள. எனினும் ஒவ்வொருவரும் நான்கையும் கற்றல் வேண்டும் என்னும் நியதி இல்லை. அவ்வப் பிரதேசத்திற் பள்ளியும் அலுவலகமும் நீதிமன்றமும் அவ்வப் பிரதேச மொழியிலேயே நடைபெறுகின்றன.

குறைகளையும் கூறாது விடுதல் நேர்மையன்று. பெண்கள் தேசிய வாக்குரிமை பெற்றது 1971இலேதான். ஒரு மாநிலம் 1990 வரை, உயர்நீதிமன்றம் கட்டளையிடும் வரை, தன் வாக்கெடுப்புக்களிற் பெண்களைச் சேர்க்க மறுத்தது. 2009இற் பள்ளிவாசற் கோபுரங்கள் புதிதாகக் கட்டுவதைத் தடுத்ததும் மக்களின் வாக்கெடுப்பேதான். பெரும்பான்மையின் வாக்கு எக்காலும் நீதியாகாது. மறுபுறம், பேர்ண் மாநிலத்துள் மனக்குறையுடன் இருந்த பிரெஞ்சு மொழியினர் பலர், பல வாக்கெடுப்புக்களின் பின் 1979இல் யூரா என்னுந் தனி மாநிலம் பெற்றனர். நாடு அதனாற் பிளவுபடவில்லை.

1980கள் தொடக்கம் நம்மவர் பல்லாயிரவர் அந்நாட்டிற் புகலடைந்து வாழ்கின்றனர். பேர்ண் நகரில் 2014இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில், தேவாலயமும் பள்ளிவாசலும் பௌத்த நிலையமும் இருக்கும் அதே கூரையின்கீழ் நம்மவரின் சைவக் கோயிலும் உளது. இம்மலரை ஆங்கிருந்து படிக்கும் பழைய மாணவர் இவற்றை எம்மினும் நன்கறிவர்.

ஒரு நாட்டின் சட்டத்தை மற்றொரு நாடு அப்படியே எடுத்துப் பூணல் இயலாது என்பதை அறிவோம். ஆயினும், வென்றவர் அடக்கங் கொள்வதும், சிறியோர் கையிற் சொல்லளவிலன்றிச் சட்டத்தளவில் வலிமை இருப்பதும் எந்நாட்டுக்கும் வேண்டுவன. சரித்திரமும் பூமிசாத்திரமும் கற்கும் நம் மாணவர், பெயர்களையும் ஆண்டுகளையும் மனனஞ் செய்வதோடமையாது, இவ்விரண்டும் எங்கெங்கே உள, எங்கெங்கே இல எனத் தாமே ஆராய்ந்து காண்பாராக.