சாயம் மங்குமுன் ஒரு படம்

(ரொக்ஸ்பரோவிலிருந்து இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கவிதையும் சிறுகதையும் பேசுகிற இந்த அரங்கில் ஆய்வுகூடத்துச் சங்கதி ஒன்றைப் பேசச் சொல்லி நண்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். பிறகு யோசித்தால், நான் இத்தனை வருடம் செய்த வேலையும் ஒருவகை ஏட்டு வேலைதான். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து இலேசில் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால், கீறலுக்குள் கரி தங்கி எழுத்து எழும்பி வரும். வெஸ்டர்ன் பிளொட் என்ற சோதனையும் ஏறக்குறைய இதுதான்.

இரத்தத்திலோ உயிரணுக்களிலோ ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால் சிறியது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் ஓடி, அளவு வாரியாகப் பிரிந்து நிற்கும். ஜெல் கையில் எடுத்தாலே கிழியும். ஆகவே புரதங்களை அப்படியே உள்ளங்கை அளவான வெள்ளைத் தாள் ஒன்றுக்கு மாற்றுகிறோம். அதுதான் மெம்பிரேன். அதன்மேல் அன்ரிபொடியை, அதாவது பிறபொருளெதிரியை விட்டால் அது தனக்குரிய புரதத்தில் மட்டும் போய் ஒட்டும். பிறகு சாயம். வெறும் வெள்ளையில் ஒரு மண்ணிறப் பட்டை தெரியும். 1979இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் டௌபின், ஸ்டெஹெலின், கோர்டன் ஆகிய மூவர் இந்த முறையை வெளியிட்டார்கள். பெயர் பிறகு வந்தது. டிஎன்ஏவுக்கான முறை அதைக் கண்டுபிடித்த எட்வின் சதர்ன் என்பவரின் பெயரால் 'சதர்ன்' பிளொட் ஆனது. அமெரிக்க மேற்குக் கரையில் சியாட்டிலில் இருந்த பர்னெட், 1981இல் விளையாட்டாகத் தன் திசையை இதற்குச் சூட்டிவிட்டார்.

இனி என் கதை. ரொக்ஸ்பரோவில் ரயில் ஏறி, மலைக்கு அடியில் சுரங்கத்தால் போய், நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்த காலம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர் அங்கே முதுகலை செய்துகொண்டிருந்தார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மூன்று தரம் செய்து மூன்று தரமும் அருமையான பட்டை எடுத்தார். பட்டை இருந்த துண்டை மட்டும் வெட்டிப் படம் எடுத்துவிட்டு, மெம்பிரேனைக் கொப்பியில் செலோடேப்பால் ஒட்டி வைத்தார். கொப்பி யன்னல் ஓரத்தில் கிடந்தது. ஒன்றரை வருடம் கழித்து, கட்டுரையைப் பரிசீலித்தவர் முழு மெம்பிரேனின் படத்தைக் கேட்டார். கொப்பியைத் திறந்தால் பட்டை பழைய தேநீர்க் கறை போல மங்கிக் கிடக்கிறது. அளவு காட்டும் அடையாளப் புரதங்கள் இருந்த ஓரத்தை எப்போதோ வெட்டி எறிந்தாயிற்று. எது மேல், எது கீழ் என்றும் தெரியவில்லை. செய்தது உண்மை, காட்டத்தான் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் மறுபடி செய்ய ஏழு மாதம் போனது. வெட்டி ஒட்டப் பழக்கியவன் நான்தான்.

அவர் பயன்படுத்திய டிஏபி என்ற மண்ணிறச் சாயம் வெளிச்சத்தில் மங்கும். மெம்பிரேன் காய்ந்தாலே பட்டையின் அழுத்தம் குறையும். எனவே நிறம் வந்து கழுவியதும், ஈரம் இருக்கும்போதே முழுத் தாளையும் ஸ்கான் செய்துவிட வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். பொன்சோ எஸ் என்ற சிவப்புச் சாயம் இன்னும் அவசரக்காரன். எல்லாப் புரதமும் தாளுக்கு ஒழுங்காக வந்ததா என்று பார்க்கப் போடுவது. தண்ணீர் பட்டால் போய்விடும். சிவந்திருக்கிற அந்தச் சில நிமிடங்களில் எடுத்த படம்தான் பிற்பாடு சாட்சி சொல்லும். வெளிச்சம் உமிழும் ஈசிஎல் முறையில் மெம்பிரேனில் பார்க்கத்தக்க எதுவுமே மிஞ்சாது, படம் மட்டும்தான் பதிவு.

குறிப்பைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மெதனோலில் கரைந்து ஓடும். திகதி, எந்த அன்ரிபொடி, எத்தனை மடங்கு ஐதாக்கியது, எந்த நிரலில் எந்த மாதிரி என்று எல்லாம் வேண்டும். ஒரு மூலையைச் சிறிதாக வெட்டிவிட்டால் தாள் புரண்டாலும் திசை தெரியும். படத்தை 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சம் பிடிக்க விவரத்தைத் தின்னும். திருத்துவதானால் நகலில் திருத்துங்கள்.

இத்தனை கெடுபிடி ஏன்? 2016இல் எலிசபெத் பிக்கும் இரு சகாக்களும் 20,621 கட்டுரைகளின் படங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பிக் அவற்றை வெறும் கண்ணாலேயே பார்த்தவர். 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் இரண்டு இடத்தில் வருவது போன்ற கோளாறுகள் இருந்தன. 2006இல் 'நேச்சர்' வெளியிட்ட அல்சைமர் நோய் பற்றிய பிரபலமான கட்டுரை, பிளொட் படங்களில் வெட்டி ஒட்டி அழித்த தடயங்கள் இருந்ததால் 2024இல் மீளப்பெறப்பட்டது. புனேயிலும் ஒன்று நடந்தது. 2005இல் அங்கிருந்து வந்த கட்டுரையின் பிளொட் படங்கள் அதே குழுவின் முந்தைய கட்டுரையில் வந்தவையே என்று சொல்லி, அமெரிக்கச் சஞ்சிகை 2007இல் அதை மீளப்பெற்றது. ஜி. பத்மநாபன் தலைமையிலான குழு முறைகேடு இல்லை என்றது, வேறு சிலர் ஏற்கவில்லை. யார் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இப்படி ஒரு கேள்வி எழும்போது நேர்மையானவருக்கும் கையில் அசல் வேண்டும். என் தங்கை போன்ற அந்தப் பிள்ளையை யாராவது சந்தேகித்திருந்தால் நான் எதை எடுத்துக் காட்டியிருப்பேன்?

மெம்பிரேனையும் எறியவேண்டாம். காயவைத்து, இரண்டு வடிதாள்களுக்கு நடுவே உறையில் இட்டு, இருட்டான லாச்சியில் வையுங்கள். நைற்றோசெலுலோஸ் தாள் என்றால் கவனம், காய்ந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஹீற்றர் ஓடுகிற மொன்றியல் மாரியில் இன்னும் மோசம். நெருப்பும் இலேசில் பற்றும். பழைய சினிமாப் படச்சுருள் செய்ததும் இதே பொருளில்தான். நடராஜ முதலியார் எடுத்த முதல் தமிழ் மௌனப்படமான 'கீசக வத'த்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. பிவிடிஎஃப் என்ற மற்றத் தாள் உறுதியானது; காய்ந்த பிறகும் மெதனோலில் நனைத்து எடுக்கலாம்.

கைபேசியில் எடுத்தால் போதாதா என்று உரையாடல் பெட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். எடுங்கள், ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, மங்கல் பட்டையைப் பளிச்சென்று ஆக்கிவிடும். அந்தப் படத்தை வைத்து இது அதைவிட இரண்டு மடங்கு என்று அளவு பேச முடியாது. ஸ்கானருக்குப் போகும் வழியில் தாள் தவறி விழுந்தால் என்ன செய்வது என்பதற்காக நானும் எடுப்பேன்.