கூரை மழையே போதும், பூங்காவுக்கு லாரி வேண்டாம்

கார்த்திகையில் தெருவெல்லாம் வெள்ளம். சித்திரையில் பூங்காவுக்குத் தண்ணீர் லாரி. அடி அண்ணாமலையையும் சேர்த்துத் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையோர ஊர்களில் இந்த இரண்டும் ஒரே வருடத்துக்குள் நடக்கின்றன. கட்டடத்தில் மழைநீர்க் குழாய் இருக்கும். அதன் மறுமுனை சாக்கடையில் போய் முடியும். உறிஞ்சு குழி இருக்கும். அதில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானத் தட்டும் தண்ணீர் பாட்டிலும் நிரம்பிக் கிடக்கும். இதைப் பார்க்கிறவர்கள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, புகார் செய்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் படத்துக்குப் பதில் சொல்லும் கடமை எந்த அலுவலருக்கும் கிடையாது. மனு எண் இருந்தால்தான் உண்டு.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2003-ல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அரசுக் கட்டடங்களுக்கும் விலக்கில்லை. உரிமையாளர் அமைக்காவிட்டால் உள்ளாட்சியே அமைத்து, செலவைச் சொத்து வரிபோல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். தனியார் வீட்டுக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டும் அரசு, தன்னுடைய அங்கன்வாடி, சத்துணவுக்கூடம், பள்ளி ஆகியவற்றின் கூரைத் தண்ணீரை இருபது வருடத்துக்கு மேலாகச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் கேட்காமல் விடலாமா? பூங்காவுக்கு வேண்டிய தண்ணீர் அந்தக் கூரைகளில்தான் விழுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் தளத்தில் 250 மி.மீ. மழை பெய்தால், சிந்தியது சிதறியது போக 20,000 லிட்டர் தேறும். நம் மாவட்டத்துக்குச் சராசரி வருடத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை உள்ளடக்கிய வடகிழக்குப் பருவமே அதைவிட அதிகம் தருகிறது. 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு தரைத்தொட்டி கட்டினால் அத்தனையும் அடங்கும். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை என்று 60 மரம். மரத்துக்கு வாரம் 20 லிட்டர். கோடை 13 வாரம். மொத்தம் 15,600 லிட்டர்தான். ஆனால் 25 சென்ட் பூங்கா முழுக்கப் புல்தரை போட்டால் நாளொன்றுக்கே 4,000 லிட்டர் கேட்கும். எந்தக் கூரையும் அதற்கு ஈடுகொடுக்காது. திறப்பு விழாப் படத்துக்காகப் புல் போடும் ஒப்பந்தத்தை மக்கள் கைதட்டி வரவேற்கக் கூடாது. லாரி வருவதே அந்தப் புல்லுக்காகத்தான்.

கூரைத் தண்ணீரைப் பூங்காவுக்குச் சேமிக்கக் கேட்டு மனு எழுதுமுன், பூங்கா இடம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுத்தாக வேண்டும். பத்திரம் பதியாத இடமென்றால் "தனியார் நிலம்" என்று ஒரே வரியில் மனுவை முடித்துவிடுவார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு வில்லங்கம் பார்க்கலாம். வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடும் புலப்படமும் கிடைக்கும். அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். சர்வே எண் இல்லாத மனு அலுவலக அலமாரியைத் தாண்டாது.

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆனது. பூங்கா அந்த எல்லைக்குள் இருந்தால் ஆணையருக்கும், ஊராட்சியில் இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (கிராம ஊராட்சி) எழுதுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். அசைவு இல்லையென்றால், வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது, 1100-க்கும் பேசலாம். எங்கே போனாலும் மனு எண் வாங்குங்கள்.

மழைநீர் சேகரிப்பு அமைப்பு ஏற்கெனவே கட்டியாயிற்று என்று பதில் வந்தால், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மூன்றே நகல் கேளுங்கள்: பணியின் எஸ்டிமேட், எம்-புக் (அளவுப் புத்தகம்), பணி நிறைவுச் சான்று. எத்தனை மீட்டர் குழாய், எத்தனை கன மீட்டர் ஜல்லி போட்டதாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது எம்-புக்கில் இருக்கும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் கேள்வி ஆகாது, தள்ளிவிடுவார்கள். அதே மனுவில், பணியை நேரில் ஆய்வு செய்ய 2(ஜே) பிரிவில் தேதி கேளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

இனி ஆபத்துகள். தெருத் தண்ணீரை போருக்குள் நேராக விடாதீர்கள். நம்முடையது பாறை நிலம். வெடிப்பு வழியே இறங்கும் சாக்கடை மண்ணில் வடிகட்டப்படாமல் பக்கத்து வீட்டு போருக்குப் போய்விடும். கூரைத் தண்ணீரானாலும் முதல் மழையை வெளியே திருப்பிவிட்டு, வண்டல் தொட்டி வழியாகத்தான் சேமிக்க வேண்டும்.

மலையடிச் சரிவில் உங்கள் இஷ்டத்துக்கு உறிஞ்சு குழி தோண்டாதீர்கள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். நீர் ஊறிய சரிவு பிடி விட்டுவிடும். அங்கே வேண்டியது தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதல்ல, தடையில்லாமல் வடியவிடுவது. மலையோ காப்புக்காடு, வனத்துறை அனுமதியின்றி மண்வெட்டி வைத்தாலே வழக்கு வரும். மலை ஓடையைப் பூங்காவுக்குத் திருப்பவும் கூடாது. புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் அது கீழே ஒரு ஏரிக்குப் போகும் வழி. அந்தத் தண்ணீரில் ஆயக்கட்டு விவசாயிக்கு உரிமை இருக்கிறது.

தொட்டிக்கு மூடியும் கொசுவலையும் கட்டாயம். திறந்த தொட்டி டெங்குக் கொசுவை வளர்க்கும். திரும்பவும் சொல்கிறேன்: தெருத் தண்ணீர் போருக்குள் போகக் கூடாது.

கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. பராமரிக்க ஆள்தான் கிடைப்பதில்லை. ஆகவே ஊராட்சியானால் மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபையிலும், மாநகராட்சியானால் பகுதி சபையிலும் தீர்மானம் போடுங்கள். "மழைநீர் சேகரிப்பு அமைப்பைப் பராமரிக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்தக் கட்டடத்தின் கூரை, எந்தத் தொட்டி, புரட்டாசிக்குள் வண்டலை யார் அள்ளுவது, எந்தப் பதவியில் இருப்பவர் பார்த்துக் கையெழுத்திடுவது என்று பெயர் சுட்டி எழுதவைத்து, தீர்மான எண்ணோடு நகல் வாங்கி வையுங்கள். அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்த நகலோடு போங்கள். பருவமழை தொடங்க அப்போது சில வாரங்களே இருக்கும்.