எவரெஸ்டுக்குப் பேர் வந்த கதையும் சுமை தூக்கியவர்கள் கதையும்

உலகத்தில் ஆக உயர்ந்த மலை எது என்று நமது தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் 'எவரெஸ்ட்' என்று உடனே சொல்லிவிடுவார்கள். எவரெஸ்ட் என்றால் என்ன என்று கேட்டால் பெரியவர்களுக்கே பதில் வராது. அது ஒரு துரையின் பேர். ஜோர்ஜ் எவரெஸ்ட் என்பவர், இந்தியாவை வெள்ளைக்காரர் அளந்த காலத்தில் நில அளவைப் பகுதிக்குத் தலைவராக இருந்து 1843இல் ஓய்வு பெற்றவர். அந்த மலையை அவர் அளக்கவுமில்லை, ஏறவுமில்லை.

மலைக்கு ஒரு பேர் இல்லாமல் இருந்ததா? இல்லை. திபெத்துக்காரர் அதைச் சோமோலுங்மா என்று தெய்வப் பேர் சொல்லிக் கும்பிட்டு வந்தார்கள். அளந்தவர்களுக்கு நேபாளத்துக்குள் போக அனுமதி இல்லை. நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அப்பால், சமவெளியில் நின்றுகொண்டு, கருவி வைத்துப் பார்த்து '15ஆம் சிகரம்' என்று இலக்கம் போட்டார்கள். ஊர்ப் பேர் எது என்று உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லி, எவரெஸ்டுக்குப் பின் பதவிக்கு வந்த அன்ட்ரூ வோ என்பவர் தமது பழைய துரையின் பேரை 1856இல் முன்மொழிந்தார். அந்த ஊர் மக்களால் என் பேரை உச்சரிக்க முடியாதே என்று எவரெஸ்டே மறுத்துச் சொன்னார். என்றாலும் 1865இல் அதுவே நிலைத்துவிட்டது. சகர்மாதா என்ற நேபாளப் பேர் பிற்காலத்தில் வந்தது. நமக்கு இது புதினமில்லை. பிதுருதலாகலையை வெள்ளைக்காரர் பெட்ரோ ஆக்கினார்கள். நாம் சிவனொளிபாதமலை என்று ஏறுகிற மலையைச் சிங்கள மக்கள் ஸ்ரீபாத என்கிறார்கள், அதே மலை ஆங்கிலத்தில் ஆதாமின் சிகரம்.

உயரத்தைக் கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1831இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்காளராகச் சேர்ந்தவர். 15ஆம் சிகரம்தான் உயர்ந்தது என்று 1852இல் தெரிய வந்தது இவர் கணக்கால் என்பார்கள். இவரைப் பற்றி இன்னொரு சங்கதியும் உண்டு. 1843இல் ஒரு வெள்ளைக்கார நீதவான், அளவைப் பகுதி வேலையாட்களைத் தன் சாமான் சுமக்கப் பிடித்துக்கொண்டார். சிக்தார் எதிர்த்து நின்றார். அதற்காக அவருக்கு 200 ரூபாய் தண்டம் போட்டார்கள். நம் மட்டில், மலை அளந்த பெருமையைவிட இது ஒன்றும் சின்னதில்லை. 2004இல் இந்திய அரசு அவர் படத்தோடு முத்திரை வெளியிட்டது.

அவர்கள் அன்று சொன்ன உயரம் 29,002 அடி. நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020இல் அறிவித்தது 8,848.86 மீற்றர். அந்தக் காலத்துக் கருவியோடு அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தும் வித்தியாசம் முப்பது அடி மட்டில்தான், மூன்று லயன் காம்பரா நீளம்!

இனி ஏறும் கதை. நமது பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதைப்போல மூன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போகக் காற்று ஐதாகிவிடும். உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அவசரப்பட்டு ஏறினால் தலைவலி, வாந்தி, பிறகு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து ஆள் முடிந்துபோகலாம். அதனால்தான் ஏறுவதும் இறங்குவதுமாய்ப் பல வாரம் உடம்பைப் பழக்குகிறார்கள். 8,000 மீற்றருக்கு மேல் எந்த உடம்பும் பழகாது. பெரும்பாலானோர் ஒட்சிசன் சிலிண்டரோடுதான் போகிறார்கள்.

அந்தச் சிலிண்டரையும் கூடாரத்தையும் சாப்பாட்டையும் மேலே கொண்டுபோவது யார்? பெரும்பாலும் ஷெர்பாக்கள். ஷெர்பா என்றால் சுமை தூக்குகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு இனத்தின் பேர். அந்தக் கால வெள்ளைக்காரர் புத்தகங்களில் இவர்களைக் 'கூலிகள்' என்றே எழுதினார்கள். நமது பாட்டன்மாரைக் கூப்பிட்ட அதே சொல்தான். 1922 ஜூன் 7இல் பனிச்சரிவு விழுந்து ஏழு சுமைக்காரர் மாண்டார்கள். கூடப்போன வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. அவர்களில் டாக்டர் சொமர்வெல் என்பவர், எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக்கூடாதா என்று மனம் வெந்து எழுதி வைத்தார். அவரே பிறகு இப்போதைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்து பல வருஷம் தமிழ் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

1953 மே 29இல் நியூசிலாந்துக்காரர் எட்மண்ட் ஹிலரியும் டென்சிங் நோர்கேயும் முதன்முதலாக உச்சியை அடைந்தார்கள். டென்சிங், தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங்குக்கு இளவயதில் பிழைப்புத் தேடி வந்து 1935இல் சுமைக்காரராகத் தொடங்கியவர். இங்கிலாந்து ராணி ஹிலரிக்கு 'சேர்' பட்டம் கொடுத்தார், டென்சிங்குக்கு ஒரு பதக்கம். இருவரில் யார் முதலில் கால் வைத்தது என்று உலகமே துளைத்துத் துளைத்துக் கேட்டது. சேர்ந்துதான் ஏறினோம் என்றார்கள் இருவரும். கடைசியில் தன் சரித்திரத்தில் டென்சிங்கே, ஹிலரி சில அடி முன்னால் போனார் என்று சொல்லிவிட்டார். வேறொருவர் என்றால் சொல்லியிருப்பாரா?

2014 ஏப்ரல் 18இல் மறுபடி பனிச்சரிவு. பதினாறு நேபாளத் தொழிலாளர் ஒரே காலையில் இறந்தார்கள். ஈமச் செலவுக்கு என்று அரசாங்கம் முதலில் சொன்ன தொகை 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் அந்த வருஷம் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் பலரும் மூட்டை கட்டித் திரும்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகு உயிர்க் காப்புறுதி 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாகக் கூடியது.

நம் நாட்டிலிருந்து முதலில் உச்சிக்குப் போனவர் ஒரு பெண், ஜயந்தி குரு-உதும்பால, 2016 மே 21இல். 2025 மே மாதத்தில் காமி ரித்தா ஷெர்பா அதே உச்சிக்கு 31ஆவது முறை ஏறினார். 1994இல் முதல் முறை ஏறியவர் அவர். 31 முறையும் அது அவருக்கு வேலை.