கிணற்றுக்குள் இறங்குவோரின் மூச்சு

கோடையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவது யாழ். குடாநாட்டின் வழமை. 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், அதே ஆண்டில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களும் மீளத் திரும்பிய காணிகளில் இவ்வேலை மேலும் அபாயமானது. நெடுங்காலம் பாவனையற்றுக் கிடந்த கிணற்றின் அடியில் ஒட்சிசன் குறைந்திருக்கக்கூடும்.

நீரிறைக்கும் இயந்திரத்தையும் உள்ளே இறக்கி இயக்கினால், புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமோ நிறமோ இன்றி ஆளை வீழ்த்திவிடும். முகத்தில் கட்டும் துணியோ வடிகட்டி முகமூடியோ ஒட்சிசனை உண்டாக்கித் தராது. இயந்திரத்தை மேலே வைத்து இறைப்பதும், இயன்றவரை ஆள் இறங்காதிருப்பதுமே முதல் வழி. இறங்கியே தீரவேண்டுமெனில், வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வழங்கும் சுவாசக் கருவி வேண்டும்.

அக்கருவி தான் உறிஞ்சும் காற்றையே ஊட்டும். ரயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரை அதில் பொருத்துவது எண்ணெய்ப் புகையை நாமே நெஞ்சுக்குள் செலுத்துவதாகும். காற்றை உறிஞ்சும் வாய் இயந்திரப் புகை எட்டாத இடத்தில் இருத்தல் அவசியம். குழாயின் வெடிப்பையும் மூட்டுகளின் கசிவையும் ஒவ்வொரு தடவையும் பார்த்தல் வேண்டும். காற்றின் தூய்மையை மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் பரிசோதிக்குமாறு பிரித்தானிய வழிகாட்டல்கள் கூறுகின்றன. காற்று தடைப்பட்டால் வெளியேற உதவும் சிறு சிலிண்டரும் உடலில் இருக்க வேண்டும்.

தாடியின் மேல் முகமூடி இறுகப் பொருந்தாது. தலையை மூடும் தளர்வான கவசம் பெயின்ற் விசிறும் வேலைக்கு உதவும். ஒட்சிசன் குறைந்த கிணற்றுக்குப் போதாது. மார்க்கப்படி தாடி வைத்த சகோதரர் மேலே நின்று உயிர்க்கயிற்றைப் பிடிக்கட்டும். அதுவும் சிறிய பொறுப்பன்று. மயங்கியவரைத் தூக்கக் கருவியின்றி இறங்குபவரும் மாண்டுபோவது உலகெங்கும் நிகழும் துயரம்.

இக்கருவியைத் தனியொரு குடும்பம் வாங்க இயலாது. கழிவகற்றும் பவுசரை வாடகைக்கு விடும் உள்ளூராட்சி சபைகள், பயிற்சி பெற்ற ஊழியருடன் இதனையும் வழங்க வேண்டுமென நாம் கோருகின்றோம்.